விரல் அசைகிற அளவுக்கு ஒரு ஜாய்ஸ்டிக்: வீட்டிலேயே செய்யும் முழு வழிகாட்டி

என் அத்தை பையன் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவன். தசைச்சிதைவு நோயால் அவனுக்குத் தோளும் முழங்கையும் எழும்பாது. விரல்கள் மட்டும் கொஞ்சம் அசையும். முன்பு சாதாரண மவுஸை உள்ளங்கைக்குள் வைத்து எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தான். போகப்போக, மவுஸ் மேசை ஓரத்துக்குப் போய்விட்டால் அதை எடுத்து நடுவில் வைக்க அத்தை வர வேண்டியதாயிற்று. “மச்சான், பிள்ளையார் படத்த நடுவுல கொண்டுபோய் வைக்கிறதுக்குள்ள அம்மாவ நாலு தடவ கூப்பிட வேண்டியிருக்கு” என்றான் ஒரு நாள். அன்றைக்குத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

இதுவரை அவனுக்கு மூன்று ஜாய்ஸ்டிக் செய்திருக்கிறேன். முதலாவது குப்பைக்குப் போனது. அதில் மின்சுற்று, புரோகிராம் எதிலும் குறையில்லை. அவன் கையை அளக்காமல் என் கைக்குச் செய்துவிட்டேன், அவ்வளவுதான். சால்டரிங் (ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டுவது) தெரிந்தவருக்கு மின்சுற்று ஒரு சாயங்கால வேலை. கை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் அசைகிறது, எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிற வேலைதான் வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் இந்த வழிகாட்டியிலும் சால்டரிங் பேச்சு கொஞ்சம் தள்ளித்தான் வரும்.

முதலில், ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள்

எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கனடாவில் நீல் ஸ்குவையர் சொசைட்டி என்ற அமைப்பு நடத்தும் ‘மேக்கர்ஸ் மேக்கிங் சேஞ்ச்’ திட்டத்தில் ஜாய்ஸ்டிக், ஸ்விட்ச் வடிவமைப்புகள் கோப்புகளோடு இலவசமாகக் கிடைக்கின்றன. ‘லிப்சிங்க்’ அவர்களுடையதுதான். வாயால் நகர்த்துகிற ஜாய்ஸ்டிக் அது. குழாயில் ஊதினால் ஒரு கிளிக், உறிஞ்சினால் இன்னொரு கிளிக். கை அறவே அசையாதவர்களுக்கு அங்கிருந்து தொடங்குவதே சரி.

கேம் விளையாடுகிறவர்களுக்கு 2018-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் இருக்கிறது. அதன் முதுகில் 3.5 மி.மீ. ஜாக் 19 இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்விட்சைச் செருகலாம். பக்கவாட்டு யூஎஸ்பி துளைகளில் யூஎஸ்பி ஜாய்ஸ்டிக்கையும் மாட்டலாம். பழைய இயர்போனில் இருக்கும் அந்த 3.5 மி.மீ. ஜாக்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்விட்ச் உலகத்தின் பொதுமொழி. நாம் செய்வதிலும் அதையே வைத்தால் நாளைக்கு யாருடைய ஸ்விட்சும் நம் பெட்டியில் வேலை செய்யும்.

இங்கே நான் சொல்லப்போவது கணினிக்கு மவுஸாக வேலை செய்யும் ஜாய்ஸ்டிக். விரலால் நகர்த்தலாம், இரண்டு ஜாக்கில் செருகிய ஸ்விட்சுகளால் கிளிக் செய்யலாம். தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். போனில் யூஎஸ்பி சாதனங்களை மாட்ட உதவும் ஓடிஜி கேபிள் போட்டால் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும்.

கையை அளப்பது

ஜாய்ஸ்டிக்கைப் பயன்படுத்தப்போகிறவரை அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், வழக்கமாக உட்காரும் விதத்தில் வைத்து அளக்க வேண்டும். கட்டிலில் படுத்தபடி அளந்துவிட்டுச் சக்கர நாற்காலிக்குச் செய்தால் முழுக்க மாறிப்போகும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் களைத்த பிறகு ஒரு தடவை அளந்து, சாயங்கால அளவை எடுத்துக்கொள்ளுங்கள். வலியோ இறுக்கமோ வருகிற நிலையில் கையை வைத்து அளக்காதீர்கள். தெரபிஸ்ட் யாராவது பார்த்துவருகிறார் என்றால் அவரையும் உட்காரவைத்துக்கொள்வது நல்லது. எந்த அசைவை ஊக்குவிக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

முதல் அளவு, அசைவின் எல்லை. ஸ்கெட்ச் பேனாவின் உள்ளே இருக்கும் திரியை எடுத்து விரல் நுனிக்குக் கீழே டேப் போட்டு ஒட்டினேன். கைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள். “மாப்ள, எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு தூரம் சுத்து” என்றேன். தாளில் வட்டம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது மாங்காய் வடிவம். நீளவாக்கில் 2 செ.மீ., குறுக்கே 1 செ.மீ., அதுவும் சாய்ந்து கிடந்தது. அவனுக்கு ‘மேலே’ என்பது உண்மையில் மேலேயும் கொஞ்சம் இடதுபுறமும். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மொத்த வடிவமைப்பும் அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது அளவு, பலம். விரலில் ஒரு நூல் வளையம். நூலின் மறுமுனையை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு ஒரு காகிதக் கப்பைக் கட்டுங்கள். விளிம்பில் நூல் உராயாமல் இருக்க ஒரு உருண்டைப் பேனாவைப் படுக்க வைத்து அதன் மேல் ஓடவிடலாம். கப்பில் சில்லறையை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வர, விரலால் இழுக்க முடியாத கட்டத்தில் நிறுத்தி, கப்பை அப்படியே சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்தால் பலம் கிராமில் தெரிந்துவிடும். இடது, வலது, முன்னே, பின்னே என்று நான்கு பக்கமும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அவனுக்கு வலப்பக்கம் 45 கிராம், இடப்பக்கம் 25.

அப்புறம் ஜாய்ஸ்டிக்கையும் அளந்துவிடுங்கள். அதைப் பக்கவாட்டில் பிடித்து, குச்சியின் நுனியைத் தராசுத் தட்டில் அழுத்தி முழுக்கச் சாயவிட்டால் எவ்வளவு விசை கேட்கிறது என்று தெரியும். நான் வாங்கியது ஏறக்குறைய 60 கிராம் கேட்டது. 25 கிராம் விரலுக்கு 60 கிராம் குச்சி. என் முதல் ஜாய்ஸ்டிக் ஏன் தோற்றது என்று அந்த நிமிடத்தில்தான் புரிந்தது.

இதற்கு நெம்புகோல் கணக்கு உதவும். குச்சியின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் வேண்டிய விசை பாதியாகும். ஆனால் நுனி நகர வேண்டிய தூரம் இரட்டிப்பாகும். பலமும் குறைவு, அசையும் தூரமும் குறைவு என்பவருக்கு இது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற கதை. தப்பிக்க வழி மென்பொருளில் இருக்கிறது: குச்சி பாதி சாய்ந்தாலே முழு வேகம் என்று புரோகிராமில் எழுதிவிடலாம். குச்சியை இரட்டிப்பாக நீட்டி, பாதிச் சாய்வை மட்டும் பயன்படுத்தினால் விசை, தூரம் இரண்டும் கைக்குள் அடங்கிவிடும்.

என்னென்ன வாங்க வேண்டும்

சென்னை என்றால் ரிச்சி தெருவில் ஒரு மணி நேரத்தில் எல்லாம் கிடைத்துவிடும். மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் வாங்கலாம். போர்டு, ஜாய்ஸ்டிக், ஜாக், கம்பி எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

போர்டு: அர்டுயினோ புரோ மைக்ரோ, 5 வோல்ட் வகை. நாம் எழுதும் நிரலை ஓட்டுகிற சின்ன மின்னணுப் பலகை இது. இதில் இருக்கும் ஏடிமெகா32யூ4 சிப்புக்கு நேரடி யூஎஸ்பி வசதி உண்டு என்பதால் கணினியிடம் ‘நான் மவுஸ்’ என்று சொல்லிக்கொள்ள முடியும். வீட்டில் கிடக்கும் பழைய அர்டுயினோ ஊனோவை (ஆர்3 வரை) எடுத்துவிடாதீர்கள், அதன் முதன்மைச் சிப்புக்கு அந்த வசதி கிடையாது. மைக்ரோ யூஎஸ்பி துளை உள்ள புரோ மைக்ரோவில் அந்தத் துளை போர்டிலிருந்து பிய்ந்துவருவது வழக்கமான தலைவலி. டைப்-சி உள்ளது கிடைத்தால் அதை வாங்குங்கள். எதுவானாலும் துளையைச் சுற்றி ஹாட் குளூ வைத்துவிடுங்கள்.

ஜாய்ஸ்டிக்: கேஒய்-023 என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள். கேம் ரிமோட்டில் கட்டைவிரலுக்கு இருக்கும் அதே வகை. உள்ளே இரண்டு 10 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர்கள், அதாவது திருப்பத்திருப்ப மின்தடை மாறும் பாகங்கள். உராய்ந்து தேயும் பொருள் என்பதால் தினமும் பல மணி நேரம் ஓட்டினால் ஒரு கட்டத்தில் கர்சர் தானாக ஊர ஆரம்பிக்கும். காந்தத்தால் உணரும் ஹால் எஃபெக்ட் வகையில் அந்தத் தேய்மானம் இல்லை, விலைதான் கூடுதல். முதலில் மலிவானதில் செய்து பாருங்கள். வடிவம் ஒத்துவந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இவை தவிர 3.5 மி.மீ. பெண் ஜாக் இரண்டு, பல இழைக் கம்பி, ஹீட் ஷ்ரிங்க் டியூப் (சூடு காட்டினால் சுருங்கிக் கம்பி இணைப்பை மூடும் குழாய்), ஒரு மல்டிமீட்டர். ஒற்றை இழைக் கம்பி வேண்டாம். திரும்பத்திரும்ப வளைந்தால் முறிந்துவிடும்.

இணைப்பு

ஜாய்ஸ்டிக்கில் ஐந்து பின்கள். கிரவுண்டை போர்டின் கிரவுண்டிலும், 5 வோல்ட் பின்னை போர்டின் விசிசி பின்னிலும், விஆர்எக்ஸை ஏ0-விலும், விஆர்ஒய்யை ஏ1-லும் இணையுங்கள். ஐந்தாவது, குச்சியைக் கீழே அழுத்தினால் வேலை செய்யும் ஸ்விட்ச். அதை இணைக்க வேண்டாம். பலமில்லாத கை சாயும்போது தெரியாமல் அழுத்திக் கிளிக் ஆகிவிடும்.

ஜாக்குகளின் நுனி முனைகளை 2, 3 எண் பின்களுக்கும், உடல் முனைகளைக் கிரவுண்டுக்கும் கொண்டுபோங்கள். தனி ரெசிஸ்டர் தேவையில்லை, சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரைப் புரோகிராமில் இயக்கிக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் ஜாக்குகள் பலவற்றில் ஐந்து கால்கள் வரை இருக்கும். எது நுனி, எது உடல் என்று ஊகிக்காமல், பிளக்கைச் செருகி மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துக் கண்டுபிடியுங்கள்.

சோதித்துப் பார்க்கிறவரை, செருகிக் கழற்றும் ஜம்பர் கம்பி போதும். பெட்டிக்குள் போகும் முன் எல்லாவற்றையும் சால்டர் செய்தாக வேண்டும், அல்லது இறுகப் பிடிக்கும் பிளக்காவது வைக்க வேண்டும். ஜம்பர் கம்பி கழன்றால் நமக்கு அது ஐந்து நிமிட எரிச்சல். பத்திரிகை வேலையின் நடுவில் இருப்பவனுக்கு நாம் அடுத்த முறை ஊருக்கு வரும்வரை வேலை நின்றுபோகும்.

புரோகிராம்

அர்டுயினோ மென்பொருளில் போர்டாக லியோனார்டோவைத் தேர்ந்தெடுங்கள், அதிலும் இதே சிப்தான். மவுஸ் நூலகத்தை (மவுஸாக நடிக்க உதவும் தயார் நிரல் தொகுப்பு) சேர்த்துக்கொள்ளுங்கள். திறமூலத்தில் மாதிரி நிரல்கள் நிறைய இருப்பதால் வரிவரியாக எழுதாமல், அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு பூட்டு. கேபிளைச் செருகும்போது இடது கிளிக் ஸ்விட்ச் அழுத்தியிருந்தால் மவுஸ் வேலையே தொடங்கக் கூடாது என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். நிரலில் ஒரு தவறு இருந்தால் கர்சர் பேய்பிடித்தது போல மூலைக்கு ஓடும், கண்டதையும் கிளிக் செய்யும். புதிய நிரலை ஏற்றவே விடாது. எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போனது.

இடம்-வலம், மேல்-கீழ் என்ற இரண்டு அச்சுக்கும் ஜாய்ஸ்டிக் 0 முதல் 1023 வரை எண் தரும். நடுநிலை 512 என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், உண்மையில் 495-ஆகவும் இருக்கும், 520-ஆகவும் இருக்கும். பலர் போர்டு தொடங்கும்போது நடுநிலையைப் படித்துக்கொள்ளும்படி எழுதுகிறார்கள். நமக்கு அது சரிப்படாது. கேபிளைச் செருகும் நேரத்தில் விரல் குச்சி மேல் ஏற்கெனவே சாய்ந்து கிடக்கும், அந்தத் தப்பான இடமே நடுநிலை ஆகிவிடும். இரண்டு ஸ்விட்சையும் சேர்த்து ஐந்து விநாடி அழுத்தினால் நடுநிலையைப் படித்து, மின்சாரம் நின்றாலும் அழியாத சிப்பின் ஈப்ராம் நினைவகத்தில் சேமிக்கும்படி வையுங்கள். ஒரு தடவை செய்தால் போதும்.

இனி 10 மில்லி விநாடிக்கு ஒரு முறை நடக்க வேண்டிய கணக்கு. ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம். நடுநிலை 508, இப்போதைய எண் 620. வித்தியாசம் 112. நடுவில் கர்சர் நடுங்காமல் இருக்க 40 வரை எதுவும் நகராது என்று ஒரு செயலற்ற வட்டம் வைத்திருக்கிறோம். அதைக் கழித்தால் 72. இந்த விரல் வலப்பக்கம் எட்டக்கூடிய அதிகபட்சம் 240, அதிலும் 40 போனால் 200. ஆக 72-ஐ 200-ஆல் வகுத்தால் 0.36. இதை அப்படியே வேகமாக்காமல் வர்க்கப்படுத்துங்கள்: 0.13. அதிகபட்ச வேகம் 8 பிக்சல் என்றால் இந்தச் சாய்வுக்குச் சுமார் 1 பிக்சல், விநாடிக்கு 100 பிக்சல். முழுச் சாய்வுக்கு விநாடிக்கு 800. வர்க்கப்படுத்துவதால் மெல்லச் சாய்த்தால் மிக மெதுவாகவும், முழுக்கச் சாய்த்தால் விரைவாகவும் போகும். சின்ன எழுத்துக்குப் பக்கத்தில் கர்சரை நிறுத்த இது இல்லாமல் முடியாது.

இதில் ஒரு பொறி மறைந்திருக்கிறது. வித்தியாசம் 60 என்றால் மேற்படி கணக்கில் வருவது 0.08 பிக்சல். மவுஸுக்கு முழு எண்தான் அனுப்ப முடியும் என்பதால் அது 0 ஆகிவிடும், கர்சர் அசையாது. ‘ரொம்ப மெதுவா நகத்தவே முடியலையே’ என்று அவன் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தது இதனால்தான். மிச்சமாகும் பின்னத்தைத் தூக்கி எறியாமல் அடுத்த சுற்றோடு கூட்டிக்கொண்டே வாருங்கள். முழு 1 சேர்ந்ததும் அனுப்புங்கள்.

அதிகபட்சத்தை இடது, வலது, மேலே, கீழே நான்குக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும், மாங்காய் வடிவத் தாளை மறக்காதீர்கள். சாய்ந்த அச்சைச் சரிசெய்ய நான் சைன், கோசைன் எல்லாம் போட்டு நிரல் எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோதித்துக்கொண்டிருந்தேன். காபி கொண்டுவந்த அத்தை கேட்டார்: “ஏம்ப்பா, அந்தப் பெட்டியையே கொஞ்சம் திருப்பி வச்சா ஆகாதா?” ஆகும். பெட்டியைத் திருப்பி வைத்தேன், நிரலை அழித்தேன்.

கை நடுக்கம் உள்ளவர்களுக்கு வடிகட்டல் வேண்டும். பழைய மதிப்பில் 80 பங்கு, புதிய மதிப்பில் 20 பங்கு என்று கலந்தால் சிறு அதிர்வு மழுங்கும். பார்க்கின்சன் நடுக்கம் பொதுவாக விநாடிக்கு 4 முதல் 6 முறை. அதற்கு இந்த அளவு போதாது, 95-க்கு 5 வரை போக வேண்டியிருக்கும். அப்போது கர்சர் சற்றுப் பின்தங்கித்தான் வரும். எவ்வளவு தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்பதை அவரே சொல்லட்டும். ஸ்விட்சுக்கும் அப்படித்தான். ஒரு அழுத்தம் முடிந்து 100 மில்லி விநாடிக்குள் வருகிற அடுத்த அழுத்தத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நடுக்கத்தில் விழும் இரட்டைக் கிளிக் நிற்கும்.

கடைசியாக டிராக் பூட்டு. பத்திரிகை வடிவமைப்பு முழுக்கப் படத்தைப் பிடித்து இழுக்கிற வேலை. ஒரு விரலால் ஸ்விட்சை அழுத்திக்கொண்டே இன்னொரு விரலால் நகர்த்துவது அவனால் முடியாது. இடது ஸ்விட்சை முக்கால் விநாடி அழுத்தினால் பிடித்தபடியே இருக்கும், மறுபடி ஒரு தட்டு தட்டினால் விடும் என்று வைத்தேன். மூன்று ஜாய்ஸ்டிக்கிலும் அவனுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

விண்டோஸில் மவுஸ் அமைப்புக்குள் போய், பாயிண்டர் துல்லியத்தை மேம்படுத்தும் டிக்கை எடுத்துவிடுங்கள். நாம் ஏற்கெனவே வேக வளைவு எழுதிவிட்டோம், அதன் மேல் விண்டோஸும் ஒன்று போட்டால் கை குழம்பும்.

குமிழும் பெட்டியும்

குச்சியின் நுனியில் இருக்கும் ரப்பர் தொப்பியைக் கழற்றிவிட்டு நம் குமிழை மாட்ட வேண்டும். விரலை வளைக்க முடிகிறவருக்கு உருண்டை, விரல் நழுவுகிறவருக்குக் குழிந்த கிண்ணம், கையை முழுசாகச் சாய்ப்பவருக்கு ஆங்கில ‘யு’ வடிவம். 3டி பிரிண்டரில் அச்சிடக்கூடிய கோப்புகள் எல்லா வடிவத்திலும் கிடைக்கின்றன.

அவனுக்கு நான் அச்சிட்ட உருண்டை உயரம் கூடிப்போய், விரலை அதன் மேல் ஏற்றவே முடியவில்லை. கடைசியில் வேலை செய்தது சப்பாத்தி மாவு. எலுமிச்சை அளவு மாவை அவன் விரலுக்கு அடியில் வைத்து, விரல் தானாக ஓய்வெடுக்கும்படி விட்டோம். பதிந்த பள்ளத்தைப் பார்த்து அதே வடிவத்தை எம்-சீலில் பிசைந்து செய்து, உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கினேன். எம்-சீல் காயும் முன் அவர் தோலில் படக் கூடாது, எரிச்சல் வரும். நீங்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியை 3டி பிரிண்டரில் அச்சிடலாம், இல்லையென்றால் பிளாஸ்டிக் சுவிட்ச் பாக்ஸ் போதும். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டால் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வைக்காதீர்கள், 60 டிகிரி வாக்கில் அது இளகிவிடும். பெட்டியின் அடியில் கால் அங்குல கேமரா நட் ஒன்றைப் பதித்துவிடுங்கள். டிரைபாட், கிளாம்ப் என்று கேமராக்காரர்களின் சாமான் எல்லாம் அதில் மாட்டும்.

எங்கே, எப்படி நிறுத்துவது

வளைகிற கழுத்துள்ள மொபைல் ஸ்டாண்டில் மாட்ட ஆசை வரும். ஒவ்வொரு அசைவுக்கும் அது ஊசலாடும், விரலின் பலம் பாதி அந்த ஆட்டத்திலேயே போய்விடும். கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், அல்லது மடியில் வைக்கும் பலகையில் வெல்குரோ ஒட்டுங்கள். மணிக்கட்டுக்கு அடியில் ஒரு மடித்த துண்டு வைத்தால் விரலுக்கு வேலை பாதியாகக் குறையும். ஒத்துவந்த இடத்தை மார்க்கரால் கோடு போட்டு வைத்துவிடுங்கள். நாளைக்கு வேறு யார் எடுத்து வைத்தாலும் அதே இடத்தில் வைக்க வேண்டும். முதல் சில நாட்கள், ஒவ்வொரு அரை மணிக்கும் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கிளிக் ஸ்விட்சை எங்கே வைப்பது என்பது தனி ஆராய்ச்சி. மறு கை விரல், கன்னம், கால் பெருவிரல், எது நம்பகமாக அசைகிறதோ அது. பழைய மவுஸிலிருந்து எடுத்த மைக்ரோ ஸ்விட்ச் மேல் ஐஸ்கிரீம் குச்சி ஒட்டியும் செய்யலாம்.

மின் சக்கர நாற்காலியின் ஜாய்ஸ்டிக்குக்குப் பதிலாக இதை இணைக்க நினைக்காதீர்கள். கர்சர் ஓடினால் திரைக்குள்தான் ஓடும், நாற்காலி ஓடினால் படிக்கட்டில்தான் நிற்கும். 2015 ஹேக்கடே பரிசு வென்ற, கண்ணால் இயக்கும் ஐட்ரைவோமேட்டிக்கூட நாற்காலியின் மின்சுற்றைத் தொடவில்லை. அதன் ஜாய்ஸ்டிக் மேல் உட்கார்ந்து மோட்டாரால் தள்ளியது, அவ்வளவுதான்.

கொடுத்த பிறகு

முதல் நாளே எல்லா அளவையும் திருத்தாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று, செயலற்ற வட்டமோ வேகமோ. மூன்று நாள் பழகியபின் அடுத்தது. குளிர்ந்த காலையில் விரல் விறைத்து வேறு மாதிரி அசையும் என்பதால், வலது ஸ்விட்சை மூன்று விநாடி அழுத்தினால் வேகம் மூன்று படிகளில் மாறும்படி வைத்திருக்கிறேன்.

உங்கள் நிரல், குமிழ்க் கோப்பு, இணைப்புப் படம் மூன்றையும் பொதுவில் போடுங்கள், கூடவே ஒரு திறந்த உரிமத்தையும். வன்பொருளுக்கென்றே செர்ன் ஆய்வகம் எழுதிய உரிமம் ஒன்று உண்டு. உரிமம் எழுதாமல் விட்டால் எடுத்துப் பயன்படுத்த நினைப்பவர் தயங்குவார். கை அளவுத் தாளையும் மருத்துவ விவரத்தையும் மட்டும் போடாதீர்கள். அவை அவருக்குச் சொந்தமானவை.

அப்புறம், நிரல் ஏற்றிய இன்னொரு போர்டையும் ஒரு உதிரி ஜாய்ஸ்டிக்கையும் ஜிப் கவரில் போட்டு அவர் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முகூர்த்த மாதத்தில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அத்தை போன் செய்தார். கர்சர் மூலையில் போய் நிற்கிறது, நடுநிலையை மறுபடி பதிந்தும் சரியாகவில்லை. வீடியோ காலில் நான் சொல்லச்சொல்ல, நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி உதிரி ஜாய்ஸ்டிக்கை அவரே மாற்றினார். பிளக்கில் செருகும் வகையாகக் கம்பியை அமைத்திருந்ததால் சால்டரிங் தேவைப்படவில்லை. ஏழு மணிக்கு அவன் வேலையில் இருந்தான்.